லைசென்ஸ் முகவரி மாற்றியபோது ‘ஆம்’ என்று குறித்தேன், வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. யாரைக் கேட்பது?

கரிசல்காட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள், குடியுரிமை பெற்று மூன்று ஆண்டுகள். கடந்த நவம்பரில் நடந்ததுதான் இங்கே நான் வாக்களிக்கப் போன முதல் தேர்தல். போனேன் என்றுதான் சொல்ல முடியும்.

ஜூன் தொடக்கத்தில் வேலை மாறியதால் அதே மாநிலத்துக்குள் வேறு கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடிபோனோம். எந்த மாநிலம் என்பது இருக்கட்டும், டெக்சாஸ் இல்லை. சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே ஓட்டுநர் லைசென்ஸ் அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியை மாற்றினேன். பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா? ஆம் என்று குறித்தேன். ரசீது மின்னஞ்சலில் வந்தது. பன்னிரண்டு நாளில் புது லைசென்ஸ் அட்டையும் வந்தது. அத்தோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டேன்.

தேர்தல் நாளில் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த மூதாட்டி என் பெயரைத் தேடினார், இல்லை. என் பெயரும் அப்பா பெயரும் முன்னும் பின்னுமாகக் கிடப்பது வழக்கம்தானே என்று மாற்றிப் போட்டுத் தேடச் சொன்னேன். அப்படியும் இல்லை. கடைசியில் தற்காலிக வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, உறையில் போட்டு ஒட்டச் சொன்னார். சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது: நான் இந்தக் கவுன்டியில் பதிவு பெற்றவன் இல்லையாம், அதனால் வாக்கு எண்ணப்படவில்லையாம்.

தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ‘லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை’ என்றார்கள். லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டால், ‘ஆம்’ என்று குறித்த பிறகு வேறொரு பக்கத்துக்கு இணைப்பு வந்திருக்குமாம். அங்கே படிவத்தை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டி நான்தான் அனுப்பியிருக்க வேண்டுமாம். அப்படி ஒரு பக்கம் வந்ததாகவே எனக்கு நினைவில்லை. லைசென்ஸ் அட்டைக்கு மட்டும் என் கையெழுத்துப் பழைய கோப்பிலிருந்து தானாக வந்துவிட்டது!

கோவில்பட்டியில் அப்பாவுக்கு வாக்குச்சாவடிச் சீட்டு வீட்டு வாசலுக்கே வரும். வராவிட்டால் தெருவில் நின்று சத்தம் போடுவார், மறுநாள் வந்துவிடும். இங்கே யாரிடம் போய்ச் சத்தம் போடுவது? அரசு அலுவலகங்கள் வாக்காளர் பதிவு செய்து தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? செய்யாவிட்டால் யார் கேட்பார்கள்?

நேர்பேச்சு எழுதியது:

சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் மாநில இணையதளத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பங்குச் சந்தையை நாளுக்கு நாற்பது முறை பார்க்கிறோம், இதைப் பார்ப்பதற்கென்ன? எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தைக் குறை சொல்லும் பழக்கத்தையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். சட்டம் என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது. வாக்கு உங்களுடையது, பார்த்துக்கொள்ள வேண்டியவரும் நீங்கள்தான்.

மூன்றாம் கவுன்டர் எழுதியது:

கரிசல்காட்டான் தம்பி, இதைப் படித்து முடிப்பதற்கு முன் புதிதாகப் பதிவு செய்துவிடுங்கள். நியாயம் பிறகு பேசலாம்.

நேர்பேச்சு ஐயா சொல்வதில் பாதி சரி. பார்த்திருக்கலாம். ஆனால் மீதிப் பாதியை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேசையின் மறுபக்கத்தில் இருபத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். 1996 முதல் 2017 வரை மத்திய மேற்குப் பகுதியில் ஒரு கவுன்டியின் நலத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். உணவு உதவிக்கும் மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க வருகிறவர்களுக்குத் தகுதி பார்க்கும் வேலை. திருநெல்வேலியில் தாலுகா அலுவலக வாசலில் வருமானச் சான்றிதழுக்காக வெயிலில் நின்ற பெண், இங்கே வந்து மற்றவர்களின் வருமானத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்ட சட்டம் உண்மை. 1993 மே 20 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். முந்தைய ஆண்டு இதே போன்ற மசோதாவை அப்பா புஷ் நிராகரித்திருந்தார். தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் என்று பெயர், ஊர் வைத்த பெயர் ‘மோட்டார் வோட்டர்’. அந்தச் செல்லப்பெயர்தான் பாதிக் கெடுதல் செய்தது என்பேன். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் லைசென்ஸ் அலுவலகம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. சட்டத்தின் ஐந்தாம் பிரிவு லைசென்ஸ் அலுவலகத்தைப் பற்றியது. ஏழாம் பிரிவு எங்களைப் பற்றியது: உணவு உதவி, மெடிக்கெய்டு, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான சத்துணவுத் திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்யும் அலுவலகங்கள், ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் அலுவலகங்கள். கார் இல்லாதவர் லைசென்ஸ் அலுவலகத்துக்கு எதற்குப் போகப் போகிறார்? ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் பைவன், ரிச்சர்ட் கிளோவார்ட் என்ற இரண்டு சமூகவியல் அறிஞர்கள் பத்தாண்டுகள் இதைச் சொல்லிச் சொல்லி ஓயாமல் போராடியதால்தான் ஏழாம் பிரிவு உள்ளே வந்தது.

மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற ஆறு மாநிலங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நார்த் டகோட்டாவில் பதிவு என்பதே கிடையாது, மற்ற ஐந்திலும் தேர்தல் நாளிலேயே பதியலாம். மீதி நாற்பத்து நான்கு மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் இது கட்டாயம்.

இனி என் மேசைக்கு வருகிறேன். ஒருவர் உதவிக்கு விண்ணப்பிக்கும்போதும், புதுப்பிக்கும்போதும், முகவரி மாற்றும்போதும் நாங்கள் ஒரு தாளை நீட்ட வேண்டும். அதில் ஒரே ஒரு கேள்வி: இப்போது வசிக்கும் இடத்தில் நீங்கள் வாக்காளராகப் பதிவு பெறாவிட்டால், இன்று இங்கே பதிவுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறீர்களா? ஆம் ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம். கூடவே, பதிந்தாலும் மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் உதவித் தொகை மாறாது என்று ஒரு வரி. ஆம் என்றால் படிவம் கொடுத்து, எங்கள் சொந்த விண்ணப்பத்துக்கு எவ்வளவு உதவி செய்வோமோ அதே அளவு உதவி செய்து, வாங்கிப் பத்து நாளுக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவுக்கான கடைசி நாள் நெருங்கிவிட்டால் ஐந்து நாளுக்குள். எங்களுக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்று நாங்கள் முகத்தில்கூடக் காட்டக் கூடாது.

நான் சேர்ந்தபோது இந்தத் தாள் கவுன்டர் மேல் அடுக்கி இருந்தது. 2000 வாக்கில் என் மேசையின் மூன்றாவது இழுப்பறைக்குப் போனது. அதற்குப் பிறகு எங்கே போனது என்று எனக்கே தெரியாது. யாரும் ‘கொடுக்காதே’ என்று சொல்லவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சதி எதுவும் இல்லை. ஒரு நேர்காணலுக்கு நாற்பது நிமிடம், வெளியே இருபது பேர், அழுகிற குழந்தை, வாடகை ரசீதைக் காணோம் என்று பதறுகிற தாய். உணவு உதவியை முப்பது நாளுக்குள் முடிவு செய்யாவிட்டால் மேலிடம் கேட்கும். கணக்குத் தவறினால் மத்திய அரசு கேட்கும். அந்தத் தாளைக் கொடுக்காவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்காத வேலையை எந்த அலுவலகம் செய்யும்? பிறகு நேர்காணல்களைத் தொலைபேசியில் நடத்தச் சொன்னார்கள். நான் படித்துக் காட்ட வேண்டிய கேள்விகளை அச்சடித்துத் தந்தார்கள், வாக்காளர் கேள்வி அதில் இல்லவே இல்லை. அதை நான் கவனித்தேனா? கவனித்தேன். சொன்னேனா? இல்லை.

நாடு முழுவதும் இதே கதைதான். சட்டம் நடைமுறைக்கு வந்த 1995-96இல் நலத்துறை அலுவலகங்கள் வழியாக வந்த பதிவு விண்ணப்பங்கள் சுமார் 26 லட்சம். பத்தாண்டு கழித்து, 2005-06இல், ஐந்து லட்சத்துச் சொச்சம். ஏழைகள் அந்தப் பத்தாண்டில் குறைந்துவிடவில்லை. அந்த வீழ்ச்சியில் என் இழுப்பறைக்கும் ஒரு பங்கு உண்டு.

பிறகு எங்கள் மாநிலத்தின் மீது வழக்கு வந்தது. உடன்பாடு ஆனது. இரண்டே மாற்றங்கள்தாம். கணினியில் அந்தக் கேள்விக்கு விடை பதியாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி செய்தார்கள். மாதக் கடைசியில் ஒவ்வொரு அலுவலகமும், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஆம் என்றார்கள் என்று இரண்டு எண்களை மேலே அனுப்ப வேண்டியிருந்தது. பக்கத்துக் கவுன்டி ஒன்று முதல் மாதம் ‘பூஜ்யம்’ என்று அனுப்பியது. மறுநாளே தலைநகரிலிருந்து தொலைபேசி வந்ததாம். அதற்குப் பிறகு பூஜ்யம் வரவில்லை. அதே ஊழியர்கள், அதே நாற்பது நிமிடம், அதே கூட்டம்.

அந்தத் தாளை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எத்தனை பேர் எதையெல்லாம் நினைத்துக்கொண்டு இருந்தார்கள் என்று தெரிந்தது. இரண்டு பிள்ளைகளுடன் வந்த ஒரு பெண் கண்ணாடியை ஒட்டிக் குனிந்து, ‘ஆம் என்று போட்டால் தொகையைக் குறைப்பீர்களா?’ என்று ரகசியமாகக் கேட்டார். குறைக்கமாட்டோம் என்று அச்சடித்த வரி அவர் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. அறுபது வயதுக்காரர் ஒருவர் பேனாவை எடுக்கும் முன்பே ‘இல்லை’ என்றார். ஏன் என்று நான் கேட்கக் கூடாது, கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: இருபத்திரண்டு வயதில் சிறைக்குப் போனவராம், வாழ்நாள் முழுக்க உரிமை போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். எங்கள் மாநிலத்தில் சிறையை விட்டு வெளியே வந்த நாளே உரிமை திரும்பிவிடும். நாற்பது ஆண்டுகளாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று அவர் அந்தப் படிவத்தில் தன் பெயரை எழுதிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கரும்பலகையில் எழுதுவது போல எழுதினார்.

இன்னொன்று. எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் தாளைத் திருப்பித் தருகிறவர்கள்தாம் அதிகம். அவர்களை என்ன செய்வது? ‘எதிலும் குறிக்காவிட்டால் இப்போது பதிய விரும்பவில்லை என்று கொள்ளப்படும்’ என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நியூ மெக்சிகோ அலுவலகங்கள், குறிக்காதவர்களுக்குப் படிவமே கொடுக்காமல் அனுப்பின. வழக்கு டென்வரில் உள்ள பத்தாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. எழுத்து மூலம் மறுத்தால் ஒழியப் படிவத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம், எழுதாமல் விடுவது எழுத்து மூலம் மறுப்பது ஆகாது என்று 2012இல் தீர்ப்பானது. வெளியே இருப்பவர்களுக்கு இது வெறும் சொல் விளையாட்டாகத் தெரியும். மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும், பாதிக் கூட்டம் அந்த வெற்றுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. ஐந்தாம் பிரிவில் நீங்கள் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டிய தேவைகூட இல்லை. லைசென்ஸுக்காகக் கொடுக்கும் முகவரி மாற்றமே வாக்காளர் பதிவுக்கான முகவரி மாற்றமாகவும் கொள்ளப்பட வேண்டும், ‘வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஒழிய. அதாவது, பேசாமல் இருந்தாலே போய்ச் சேர வேண்டும். பழைய கவுன்டியில் பதிவு பெற்றிருந்தீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் உங்கள் வழக்கின் பலம்.

ஆஸ்டின் தன்னார்வலர் எழுதியது:

மூன்றாம் கவுன்டர் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் டெக்சாஸில் தன்னார்வத் துணைப் பதிவாளர். இங்கே மற்றவர்களுக்குப் படிவம் வாங்கிக் கொடுக்கக்கூடக் கவுன்டியில் நியமனம் பெற வேண்டும், வாங்கிய படிவத்தை ஐந்து நாளுக்குள் சேர்க்க வேண்டும். பொங்கல் விழாவில் சுண்டலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்காருகிறவன் நான்தான்.

கரிசல்காட்டான், உங்கள் கதை எங்கள் ஊரில் அப்படியே நடந்து நீதிமன்றம் ஏறியது. மாநிலத்துக்குள் வீடு மாறியவர்கள், இணையதளத்தில் லைசென்ஸ் முகவரியை மாற்றி ‘ஆம்’ என்று குறித்தவர்கள், வாக்குச்சாவடியில் பெயர் இல்லாமல் நின்றவர்கள். இங்கேயும் ‘அச்சிட்டுத் தபாலில் அனுப்பு’ என்ற அதே பக்கம்தான். 2018இல் சான் அன்டோனியோவின் மத்திய நீதிபதி ஒர்லாண்டோ கார்சியா மாநிலம் சட்டத்தை மீறுகிறது என்றார். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏன் தெரியுமா? வழக்குப் போட்டவர்கள் அதற்குள் எப்படியோ பதிவு பெற்றுவிட்டார்களாம், மறுபடி இதே சிக்கல் வரும் என்று காட்டவில்லையாம்! காய்ச்சல் தீர்ந்த நோயாளி மருத்துவரைக் குறை சொல்ல முடியாது என்பது போல. அவர்களில் ஒருவர் மறுபடி வீடு மாறினார், மறுபடி அதே பக்கம், மறுபடி வழக்கு. 2020 ஆகஸ்டு இறுதியில் மீண்டும் தீர்ப்பு வந்தது, செப்டம்பரில் இணையதளத்தை மாற்றினார்கள்.

நீங்கள் கேட்ட ‘யார் கேட்பார்கள்’ என்பதற்கு விடை இரண்டு பேர். ஒன்று, மத்திய நீதித்துறை. அது மாநிலத்தின் மீது வழக்குப் போடலாம், போட்டும் இருக்கிறது. ஆனால் எந்த ஆட்சி எதில் அக்கறை காட்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். மத்திய அலுவலகங்களும் வாக்காளர் பதிவுக்கு உதவ வேண்டும் என்று பைடன் 2021 மார்ச்சில் போட்ட ஆணையை டிரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே விலக்கினார். ஆணை போகும், சட்டம் நிற்கும். அதனால்தான் இரண்டாவது ஆள் முக்கியம்: பாதிக்கப்பட்டவரே.

வழி இதுதான். மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, பெரும்பாலான மாநிலங்களில் அது மாநிலச் செயலாளர், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள். லைசென்ஸ் அலுவலகத்துக்கு இல்லை, கவனியுங்கள். கிடைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாளில் சரிசெய்யாவிட்டால் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். மீறல் தேர்தலுக்கு முந்தைய நூற்றிருபது நாளுக்குள் நடந்திருந்தால் இருபது நாள் போதும். கடைசி முப்பது நாளுக்குள் என்றால் அறிவிப்பே வேண்டாம். வென்றால் வழக்கறிஞர் செலவை எதிர்த்தரப்பு தர நீதிமன்றம் ஆணையிடலாம், அதனால்தான் குடிமை உரிமை அமைப்புகளின் வழக்கறிஞர்கள் இதை எடுக்கிறார்கள். உங்களுடையது ஜூன் தொடக்கம் என்பதால் தொண்ணூறு நாள் கணக்கு.

மாநிலம் என்ன பதில் சொல்லும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ‘அது லைசென்ஸ் அலுவலகத்தின் வேலை’ அல்லது ‘கவுன்டியின் வேலை’. ஓஹாயோ இதைத்தான் சொல்லிப் பார்த்தது. நலத்துறை அலுவலகங்களைக் கவுன்டிகள் நடத்துகின்றன, எங்களுக்கென்ன என்றது. 2008இல் ஆறாவது மண்டல நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையைக் கவுன்டியிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

எட்டு வருடக் காத்திருப்பு எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். கிரீன் கார்டில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன மாதம் மெடிக்கெய்டு விண்ணப்பித்தபோது இந்த வாக்காளர் தாளையும் கொடுத்தார்கள். அரசாங்க அலுவலகமே கொடுக்கிறதே, போட்டால் என்ன என்று கேட்கிறார். போடலாமா?

மூன்றாம் கவுன்டர் எழுதியது:

போடக் கூடாது! ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டுத் திருப்பிக் கொடுங்கள். போட்டுவிட்டாரா இல்லையா என்று இன்றே கேளுங்கள்.

அலுவலகம் எல்லோருக்கும் கொடுக்கும், அது அதன் கடமை. தகுதி இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. படிவத்தின் முதல் கேள்வியே நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்பது. குடிமகன் அல்லாதவர் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் குடியுரிமை விண்ணப்பம் மட்டுமல்ல, கிரீன் கார்டே ஆபத்தில் போய் நிற்கும். பிற்காலத்தில் குடியுரிமைப் படிவத்தில் ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா’ என்று கேட்பார்கள். அலுவலகமே தவறு செய்வதும் உண்டு. 2024இல் ஆரெகன் லைசென்ஸ் அலுவலகம், குடியுரிமைச் சான்று காட்டாத 1,200க்கும் மேற்பட்டவர்களைத் தவறுதலாகத் தானியங்கிப் பதிவில் சேர்த்துவிட்டது, பிறகு நீக்கினார்கள்.

என் மேசைக்கும் இப்படி ஒரு பாட்டி வந்தார். ஆந்திரத்துக்காரர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மகன் பக்கத்தில் கைபேசியில் பேசிக்கொண்டே ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று விரலால் காட்ட, பாட்டி வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். வாக்காளர் படிவத்துக்கு வந்தபோது நான் என் கையை அதன் மேல் வைத்துவிட்டு, முதல் கேள்வியை மகனிடம் உரக்கப் படித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கைபேசியை அப்போதுதான் கீழே வைத்தார்.

நேர்பேச்சு எழுதியது:

இழுப்பறைக் கதையைப் படித்த பிறகு, நான் மேலே எழுதியதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பாதி என்று அம்மாவே முடிவு செய்யட்டும். ஆனால் ஒரு மாதம் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை எடுத்துக்கொள்ளமாட்டேன்.

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மா கேட்டதற்குப் பதில்: ஆம், பழைய கவுன்டியில் பதிவு இருந்தது. குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே மண்டபத்துக்கு வெளியே ஒரு மேசையில் போட்டது. அந்தப் பழைய அட்டையையும் கண்டுபிடித்துவிட்டேன், மனைவியின் நகைப் பெட்டிக்குள் இருந்தது.

புதிதாகப் பதிவு செய்தாயிற்று. டெக்சாஸ் கதையைப் படித்த பிறகு, பதிந்தால் வழக்கு போய்விடுமோ என்று ஒரு நிமிடம் தயங்கினேன், உண்மையைச் சொல்கிறேன்.

லைசென்ஸ் ரசீது மின்னஞ்சல், வாக்கு எண்ணப்படவில்லை என்ற கடிதம், இரண்டையும் நகலெடுத்து மாநிலச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்த இணையப் பக்கத்தின் படம் கையில் இல்லை. அடுத்த மாதம் மனைவி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து வைக்கப் போகிறோம்.

மூன்றாம் கவுன்டர் எழுதியது:

நல்லது தம்பி. படத்தில் தேதியும் நேரமும் தெரிகிறதா என்று பாருங்கள். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை திரும்பி வரும், அதில் உள்ள தேதியிலிருந்துதான் தொண்ணூறு நாள். நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் குறித்துக்கொள்ளமாட்டார்கள்.

கடிதத்தில் இன்னொரு வரி சேர்த்திருக்கலாம், பரவாயில்லை, இரண்டாவது கடிதத்தில் கேளுங்கள்: கடந்த ஆண்டு இணையம் வழியாக முகவரி மாற்றியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் விவரம் தேர்தல் அலுவலகத்துக்குப் போனது? இரண்டே எண்கள் போதும்.